அழகுச் செடிகளுக்கும் திடல் சோதனை வேண்டும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மலரியல் அறிஞர்களுக்கும் தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஒரு புதிய நெல் ரகம் உழவர் கைக்கு வருமுன் பல ஊர் ஆராய்ச்சி நிலையங்களிலும், பிறகு உழவர் வயல்களிலும் விளைந்து காட்டியாக வேண்டும். ஆடுதுறையில் அள்ளிக் கொடுத்தது பரமக்குடியில் பதராகிப் போகலாம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாலையோரத்திலும் பூங்காவிலும் பள்ளி வளாகத்திலும் நடும் அழகுச் செடிகளுக்கு அப்படியொரு சான்று எங்கள் கைக்கு வருவதில்லை. தோட்டம் அமைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன், அந்தச் சோதனையை நீங்கள் தொடங்க வேண்டும்.

இப்போது நர்சரியில் எது பச்சைப்பசேலென்று நிற்கிறதோ அதுதான் லாரியில் ஏறுகிறது. ஆந்திராவின் கடியத்திலிருந்து ஏராளமான செடிகள் இங்கே வருகின்றன. கோதாவரிக் கரையில் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்து வளர்ந்த இட்லிப்பூச் செடி, கோவைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கரிசலில் இறங்கியதும் திணறுகிறது. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் காரத்தன்மையால் வேருக்கு எட்டுவதில்லை. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை வெளுத்துப்போகும். அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்தால் கொஞ்ச நாள் தேறும், பிறகு மறுபடி வெளுக்கும். அதே செடி குமரி மாவட்டத்துச் செம்புரை மண்ணில் பூத்துத் தள்ளுகிறது. செடியைக் குறை சொல்லி என்ன பயன்?

கோனோகார்பஸ் கதையும் இதுதான். சோமாலியா, ஏமன் பக்கத்து மரம். வறட்சி தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்று மாநிலம் மாநிலமாக நட்டார்கள். வேரும் மகரந்தமும் தொல்லை என்று 2023இல் குஜராத் தடை செய்தது, 2025இல் தமிழ்நாடும் தடை செய்தது. நட்ட பிறகு தெரிந்துகொண்டதை நடுவதற்கு முன்பே ஒரு திடலில் பார்த்திருக்கலாம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை மரங்களைச் சாய்த்தபோது, அயல் மரம் என்பதால்தான் விழுந்தது என்றார்கள் சிலர். வடிகாலுக்காக வேரை அறுத்து, அடிமரம் வரை சிமென்ட் பூசியதால்தான் விழுந்தது என்றார்கள் வேறு சிலர். இரண்டும் காரணமாக இருக்கலாம். எது எவ்வளவு என்பது, ஒரே வயதுக் கன்றுகளை ஒரே மாதிரிக் குழியில் அருகருகே நட்டு வளர்த்தால்தான் தெரியும். நாட்டு மரங்களுக்கும் இதில் சலுகை வேண்டாம். மகிழமும் புன்னையும் சரக்கொன்றையும் எனக்குப் பிடித்தவை, ஆனாலும் நடைபாதைக் குழியில் அவை எப்படி நிற்கும் என்பதை நம்பிக்கையால் முடிவு செய்ய முடியாது.

இதற்குப் புது நிலம் தேவையில்லை. மாநிலத்தின் ஏழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களிலும் நிலையங்கள் இருக்கின்றன. கோவில்பட்டியின் மானாவாரிக் கரிசலும் குமரி மாவட்டத்துத் தோவாளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூரும் ஏற்காட்டுக் குளிரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறு! ஒரே தாய்ச்செடியின் குச்சிகளை எல்லா இடத்துக்கும் அனுப்புங்கள். முதல் ஆண்டு வேர் பிடிக்கும் வரை தண்ணீர் கொடுத்து, அப்புறம் குறையுங்கள். கலிபோர்னியாவின் டேவிஸில் மண்ணும் இலையும் ஆவியாக இழக்கும் நீரின் அளவில் 20, 50, 80 சதவீதம் என மூன்று விதமாக நீர் பாய்ச்சிப் புதர்ச்செடிகளைச் சோதிக்கிறார்கள். நமக்கு மழையை மட்டும் நம்பிய ஒரு பாத்தியும், உப்புத் தண்ணீர் பாயும் ஒரு பாத்தியும் கூடுதலாக வேண்டும். ராமநாதபுரத்துப் பள்ளித் தோட்டத்துக்கு அந்தக் கடைசிப் பாத்திதான் பதில் சொல்லும்.

புதர்ச்செடிகளுக்கு மூன்று ஆண்டு, மரங்களுக்குக் குறைந்தது பத்து ஆண்டு பாருங்கள். பூக்கும் மாதங்களோடு, செம்பருத்தியில் ஏறும் மாவுப்பூச்சி பக்கத்துப் பப்பாளித் தோட்டத்துக்குப் போகிறதா என்பதையும் குறியுங்கள். செத்த செடிகளின் பட்டியலைக் கட்டாயம் வெளியிடுங்கள். ஒப்பந்தப்புள்ளிப் பட்டியலில் செடிப் பெயர் எழுதும் நகராட்சிப் பொறியாளருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.

என்னிடமுள்ள தாய்ச்செடிகளிலிருந்து வேண்டிய குச்சிகளை விலையின்றித் தருகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர்விட வைத்துவிடலாம்.

அன்புடன்,
ஒரு தோட்ட அமைப்பாளர்