சினம் செல்லும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, கோபம் என்பது மனிதனை மீறி எழும் வெள்ளம் என்றும், மூச்சுப் பயிற்சியே அதற்கு அணை என்றும் கூறியிருந்தது. மூச்சுப் பயிற்சியின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் 'மீறி எழும்' என்ற சொற்களை ஏற்க என் மனம் இடந்தரவில்லை.

திருக்குறளின் 31ஆவது அதிகாரமான வெகுளாமை, சினம் செல்லுபடியாகும் இடத்தைச் சுட்டித்தான் தொடங்குகிறது. 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்' என்று கூறும் வள்ளுவர், செல்லாத இடத்தில் அதைக் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று அதே குறளில் கேட்டுவிடுகிறார். மேலதிகாரியின் கடுஞ்சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து நின்றபோது என்னை மீறாத கோபம், வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையிடம் மட்டும் மீறிவிட்டது என்றால், அது ஆள் பார்த்து எழுந்த கோபம் என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வலியார்மேல் எழும் சினத்தால் இம்மையில் அவரால் வரும் துன்பம் மட்டுமே விளையும் என்றும், எளியார்மேல் எழும் சினம் இம்மையில் பழியையும் மறுமையில் பாவத்தையும் தரும் என்றும் அடுத்த குறளுக்குப் பரிமேலழகர் உரை கூறுகிறார். இந்த அதிகாரம் துறவறவியலில் இருப்பதால் இது துறவிகளுக்கு உரியது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சினம் செல்லக்கூடிய இடங்கள் மிகுதியாக வாய்த்திருப்பது இல்லறத்தானுக்கே அல்லவா?

கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, பல ஆண்டுகள் அதையே எனக்கு நற்சான்றிதழாக வைத்திருந்தேன். கத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவேன் என்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நாள் மாலை, என் மகளும் அவள் தாயும் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அன்று நான் எந்தக் கோபத்தோடும் வரவில்லை. அதே அதிகாரத்தில் வள்ளுவர் 'நகையும் உவகையும் கொல்லும்' சினம் என்பதைச் சினங்கொண்டவனின் நகை, அவனது உவகை என்றே அதுவரை பொருள் கொண்டிருந்தேன். என் வீட்டில் அது முதலில் கொன்றது பிறருடைய நகையை.

கயவரின் சினத்தால் நேரும் பிளவு கல்லின் பிளவு போன்றது, அடுத்த நிலையினருடையது பொன்னின் பிளவு போன்றது, சான்றோருடையதோ நீரில் அம்பெய்த வடுப்போல உடனே மறைவது என்கிறது மூதுரை. என் சினத்தை நான் நீர்வடு என்றே எண்ணியிருந்தேன். என்னளவில் அது நீர்தான். அந்தச் சிறுமியின் உள்ளத்தில் அது கல்லாக இருந்தது. மறப்பது எனக்கு எளிதாக இருந்ததற்குக் காரணம், அடி என்மேல் விழவில்லை என்பதைத் தவிர வேறில்லை. அவள் ஒரு முறையும் எதிர்த்துப் பேசியதில்லை. அந்த மௌனத்தையே மரியாதை என்று நான் தவறாகப் படித்துவந்தேன்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்பொருள் குறித்து அடுத்த முறை எழுதச் செய்யும்போது, சினத்தை அடக்கும் வழிகளோடு, வயதில் இளையவரிடமும் நமக்குக் கீழே பணிபுரிபவரிடமும் மன்னிப்புக் கேட்பதைப் பற்றியும் எழுதச் செய்யுங்கள். என் மகளிடம் நான் அதைக் கேட்டபோது அவளுக்கு முப்பது வயது கடந்திருந்தது.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்