மரம் நட்டது போதும், நட்ட மரத்த கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஜூன் 5 வந்தா போதும், உங்க பேப்பர்லயும் பக்கம் பக்கமா மரக்கன்னு நடுற போட்டோ வந்துடுது. உலகச் சுற்றுச்சூழல் தினத்த 1973லேர்ந்து கொண்டாடிட்டு வர்றாங்க, தப்பே இல்ல. ஆனா போன வருஷம் நட்டது என்ன மரம், இப்ப உயிரோட இருக்கான்னு அந்த போட்டோல நின்னவங்கள கேட்டா முக்காவாசிப் பேர் முழிப்பாங்க. உறுதிமொழி, பேரணி, கோஷம்னு எல்லாம் நடத்துறோம், மரத்துக்கிட்ட மட்டும் யாரையும் நிம்மதியா நிக்க விடமாட்டேங்கிறோம்.

ஒரு சின்னப் பிள்ள செடிக்குப் பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து எறும்பப் பாத்துட்டிருந்தா "சீ அழுக்கு, வா"ன்னு இழுத்துட்டுப் போயிடுறோம். நாமளும் குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், தண்டுல ஒட்டிட்டிருக்கிற அசுவினிப் பூச்சிய எறும்பு தன் உணர்கொம்பால மெல்லத் தட்டும், உடனே அதோட பின்பக்கத்துலேர்ந்து ஒரு துளி இனிப்புத் தண்ணி வரும், அதக் குடிச்சிட்டு அடுத்த பூச்சிக்குப் போகும், பதிலுக்கு அசுவினியத் தின்ன வர்ற பொறிவண்ட விரட்டி அடிக்கும். கிட்டத்தட்ட மாடு மேய்க்கிற வேலைதான். இத ஒரு தடவ பாத்த பிள்ளைக்கு அந்தச் செடிய சும்மா பிடுங்கிப் போட மனசு வராது.

2002ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, பிரிட்டன்ல ஆரம்பப் பள்ளிப் பசங்கள்ட்ட போகிமான்ங்கிற கார்ட்டூன் பொம்மைங்க படத்தையும் அந்த நாட்டுச் செடி, பூச்சி, மிருகங்க படத்தையும் காட்டி பேர் சொல்லச் சொன்னாங்க, 8 வயசுப் பசங்களுக்கு போகிமான் பேர்தான் ஜாஸ்தி தெரிஞ்சுது. பசங்கள திட்டி என்ன பிரயோஜனம், ஞாபக சக்திக்கு ஒரு குறையும் இல்லையே, அவங்க கண்ணு முன்னாடி நாம எத வெச்சோம்ங்கிறதுதான் கேள்வி. அதுக்காக பேர மனப்பாடம் பண்ண வெச்சா சரியாயிடும்னும் இல்ல. இங்கிலாந்துல டெர்பி யுனிவர்சிட்டிக்காரங்க 2017ல எழுதினதப் பாத்தா, அறிவு மட்டும் மனுஷன இயற்கையோட ஒட்ட வைக்கிறதில்ல, தொடுறது, அழக ரசிக்கிறது, பாசம், இரக்கம் இதெல்லாந்தான் ஒட்ட வைக்குதாம். நாம என்னடான்னா இதையும் ஒரு ப்ராஜெக்ட் ஆக்கி மார்க் போட்டுக் கெடுத்துடுவோம், அது வேற கத.

"பூவப் பாத்தா ஃபேக்டரி கழிவு நின்னுடுமா"ன்னு கேப்பீங்க. நிக்காது, அதுக்கு சட்டம் வேணும், அபராதம் வேணும். ஆனா தண்ணி நிறம் மாறினத மொதல்ல கவனிச்சு புகார் குடுக்கிறது யாரு, தினம் அந்தப் பக்கம் நடக்கிற ஆளுதானே? டேனியல் பாலிங்கிற மீன்வள விஞ்ஞானி 1995லயே சொல்லிட்டாரு, ஒவ்வொரு தலைமுறை மீன்வள விஞ்ஞானிங்களும் தாங்க வேலைக்கு வந்தப்ப இருந்த மீன் அளவத்தான் இயல்புன்னு எடுத்துக்கிறாங்க, அதுக்கு முன்னாடி தொலைஞ்சது கணக்குலயே வர்றதில்லன்னு. மீன விடுங்க, பறவைக்கும் மரத்துக்கும்கூட இதே கததான். இருந்தது என்னன்னே தெரியாதவன் காணோம்னு எங்க போய் சொல்லுவான்?

பெரிய திட்டம்லாம் வேணாம். 1998லேர்ந்து பிப்ரவரில நாலு நாள் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட்னு பறவைக் கணக்கெடுப்பு ஒண்ணு நடக்குது, ஒரே எடத்துல 15 நிமிஷம் நின்னு பாத்து எண்ணினாக்கூட போதும், எந்த நாட்டுக்காரங்களும் சேரலாம். அந்த 15 நிமிஷத்த ஸ்கூல்ல வாரம் ஒரு பீரியட்ல குடுங்க, பாடமும் வேணாம் பரிட்சையும் வேணாம்.

உங்கள்ட்டயும் ஒண்ணு கேக்கணும். வானிலைப் பொட்டிக்குப் பக்கத்துல நாலு வரி எடம் ஒதுக்குங்க, இந்த வாரம் எந்த மரம் பூக்குது, எந்தப் பறவை கூடு கட்டுதுன்னு போடுங்க. எழுத ஆள் இல்லன்னா வாசகர்கள்ட்டயே கேளுங்க, பேர் தெரியாத பூச்சின்னா போட்டோ அனுப்பட்டும், தெரிஞ்சவங்க அடுத்த வாரம் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தினமும் உங்க பேப்பர் படிக்கிற ஒரு வாசகர்