மணியை எங்கள் படகிலேயே திரும்ப விடுங்கள்

பிரிட்டனின் சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வரும். இங்கே நாய் வளர்க்கிற, படகு வாங்க ஆசைப்படுகிற தமிழர்களும் ஐரோப்பாவிலிருந்து நாயைச் சொந்தப் படகில் கொண்டுவரக் கூடாது என்ற உங்கள் விதியைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் தெற்கே சொலண்ட் நீரிணைக் கரையில் எங்களிடம் எட்டு மீட்டர் நீளப் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. நானும் மனைவியும் மணியும்தான் அதில் போவோம். மணி எங்கள் நாய். நீடில்ஸ் பாறைகளைத் தாண்டித் தெற்கே சுமார் 60 கடல் மைல் போனால் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகம். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம். போவதற்குத் தடையில்லை. மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), ரேபிஸ் தடுப்பூசி, அதன்பின் 21 நாள் காத்திருப்பு, கால்நடை மருத்துவரின் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தால், இதற்கென்று குறித்துவைத்த துறைமுகங்களில் பிரான்ஸ் மணியை ஏற்றுக்கொள்கிறது.

வம்பு திரும்பும்போதுதான். நாங்கள் இருவரும் எங்கள் படகிலேயே திரும்பலாம், மணி கூடாது. ஐரோப்பாவிலிருந்து வரும் நாய் நீங்கள் அங்கீகரித்த வழியில், அங்கீகரித்த போக்குவரத்து நிறுவனத்தின் மூலம்தான் வர வேண்டும் என்கிறது விதி. அயர்லாந்து போன்ற சில இடங்களிலிருந்து வந்தால் மட்டும் சொந்தப் படகு பரவாயில்லை.

ஃபெர்ரியில் கூட்டிவரலாமே என்பீர்கள். காரில்லாமல் நடந்து வருபவரை நாயோடு ஏற்றாத ஃபெர்ரிகள்தான் அதிகம். படகில் போனவர்களுக்குக் கார் ஏது? யூரோஸ்டார் ரயிலில் செல்லப்பிராணிக்கு இடமில்லை. விமானம் என்றால் சரக்காகத்தான் அனுப்ப வேண்டும். எப்படியோ ஒருவர் மணியோடு சுற்றி வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இன்னொருவர்? உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த கடல்களில் ஒன்றான ஆங்கிலக் கால்வாயை, மாற்றிக் காவல் பார்க்க ஆளில்லாமல், அரை நாள் தன்னந்தனியாகக் கடக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பெரிய சரக்குக் கப்பலின் விளக்கைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பது உங்கள் கடலோரக் காவல் படைக்குத் தெரியும். நாய்க்காக எழுதிய விதி மனிதரை இந்த நிலைக்குத் தள்ளுகிறது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமலில்லை. தெருநாய் கடித்தால் ஊசிக்கு ஓடுகிற ஊரில் வளர்ந்தவன் நான். ரேபிஸைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. இந்த நாடு 1922-லேயே அதை விலங்குகளிடமிருந்து ஒழித்தது. 1969-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நாய், தனிமைப்படுத்தலையும் முடித்துவிட்டு, கேம்பர்லியில் நோய் கண்டு ஊரையே கலங்கடித்தது. நாடாப்புழு மருந்து விதியும் நியாயமானதுதான்: பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு கொடுத்திருக்க வேண்டும். காற்று சரியில்லாமல் துறைமுகத்திலேயே கிடந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும், மறுபடி மருத்துவரைத் தேட வேண்டும். தேடுகிறோம், அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். சிறு படகில் வரும் நாய் கடலில் இருக்கும் நேரம் முழுக்க வேறெந்த விலங்கையும் பார்ப்பதுகூட இல்லை. முதுகில் கைப்பிடி வைத்த லைஃப் ஜாக்கெட், ஓரக் கம்பிகளைச் சுற்றி வலை, படகு சாய்ந்தால் உள்ளே ஒடுங்கிக்கொள்ள ஒரு மூலை, முன்தளத்தில் ஒன்றுக்குப் போகச் செயற்கைப் புல் விரிப்பு, அவ்வளவுதான் அதன் உலகம். (அந்த விரிப்பில் போகப் பழக்குவதற்குள் உயிர் போய்விடும், அது வேறு கதை.) ஃபெர்ரியில் பல வீட்டு நாய்கள் அடுத்தடுத்த கூண்டுகளில் வருகின்றன. நோய் பரவும் என்று பயந்தால் எதைப் பார்த்து முதலில் பயப்பட வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து வரும் சிறு படகுகள் இப்போதே எல்லைப் படைக்கு முன்கூட்டி இணையத்தில் அறிக்கை தருகின்றன. அதில் நாய்க்கும் ஒரு பகுதி சேருங்கள்: சிப் எண், தடுப்பூசித் தேதி, புழு மருந்து கொடுத்த நேரம். தென்கரையில் இரண்டு மூன்று துறைமுகங்களை மட்டும் குறித்து, அங்கே சிப்பைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரை, முன்பதிவு செய்த நேரத்தில் வரவையுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை நாய் படகைவிட்டு இறங்கக் கூடாது என்று விதியுங்கள். செலவைக் கட்டணமாக எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். ஃபெர்ரிக்கும் வாடகைக் காருக்கும் கொடுப்பதை உங்களுக்குக் கொடுக்கிறோம்.

2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த உடன்பாட்டில் செல்லப்பிராணிப் பாஸ்போர்ட்டும் இடம்பெற்றது. நல்ல விஷயம். ஒவ்வொரு முறையும் புதுச் சான்றிதழ் வாங்கும் செலவு அதனால் குறையும். ஆனால் படகில் திரும்பும் வழியை அது திறக்காது. அதை நீங்கள்தான் திறக்க வேண்டும். ஒரே ஒரு கோடைக்குச் சோதனையாக நடத்திப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் பழைய விதி எங்கும் போய்விடாது.

இப்படிக்கு,
சொலண்ட் கரையிலிருந்து ஒரு படகுக்காரன்