ராணி பறக்கும் நாளில் பெட்டி காலியாவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முந்திரி பூக்கும் தை, மாசியில் பண்ருட்டிப் பக்கம் பலர் அடுக்குத் தேனீப் பெட்டியைப் பிரித்து இரண்டாக்குகிறார்கள். மூன்று வாரத்தில் சின்னப் பெட்டி காலியானால் எறும்பின் மீதும் வெயிலின் மீதும் பழி விழுகிறது. அடுத்த முறை, ஓடாமலிருக்க வாசலில், வேலைக்காரத் தேனீ நுழையும், ராணி நுழைய முடியாத துளைகள் உள்ள ராணி வாயில் தகட்டை மாட்டிவிடுகிறார்கள். இன்னும் இணையாத கன்னி ராணி உள்ள பெட்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

கணக்கைப் பாருங்கள். ராணி இல்லாத பாதியில் தேனீக்கள் இளம்புழு ஒன்றை ராணியாக வளர்க்கும். அது வெளிவர ஏறத்தாழ 12 நாள். இன்னும் ஒரு வாரத்தில் அது முதிர்ந்து, பிற்பகலில் வானில் பறந்து, பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு இணையும். அதற்குள் பழைய முட்டை, புழு எல்லாம் தேனீயாகிவிட்டிருக்கும். ஊட்டுவதற்கு ஒரு புழுகூட இல்லாத சிறு கூட்டத்துக்கு அந்த அடையில் என்ன பிடிப்பு? ராணி கிளம்பினால் மொத்தமும் பின்னாலேயே போய்விடும்.

ராணி வெளிவந்த மூன்றாம், நான்காம் நாளில், வலுவான பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள அடைச் சட்டம் ஒன்றை எடுத்து நடுவில் வையுங்கள். அந்தப் பெட்டியின் ராணி அதில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, தேனீக்களை உதறிவிட்டே எடுக்க வேண்டும். தேனீ மூடாத வெற்று அடைகளை நீக்குங்கள். மெழுகுப்பூச்சி அங்கேதான் புகும். பறக்கும் ராணியைப் பஞ்சுருட்டான் குருவி கொத்திக்கொண்டு போனாலும், வைத்த சட்டத்தின் இளம்புழுவிலிருந்து இன்னொரு ராணியைத் தேனீக்கள் வளர்த்துக்கொள்ளும்.

தகடு மாட்டினால் ராணி வெளியேற முடியாது. சில வாரம் அடைபட்டால் இணையும் பருவமே கடந்து, பிறகு இடும் முட்டையெல்லாம் ஆண் தேனீயாகும்.

ராணி பறக்கும் பிற்பகலில் பெட்டியைத் திறக்க வேண்டாம். சர்க்கரைப்பாகு மாலையில், பெட்டிக்குள் மட்டும். பாகூர் தென்னந்தோப்புகளில் வைப்பதுபோல ஒரே நிறப் பெட்டிகளை வரிசையாக வைத்தால், திரும்பும் ராணி பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்து கொல்லப்படும். வாசல்களைத் திசை மாற்றி வையுங்கள். பிரிக்குமுன் ஆண் தேனீ பறக்கிறதா என்றும் பாருங்கள். அடையில், மூடியின் நடுவே ஊசித்துளை உள்ள அறைகள் அவற்றுக்குரியவை.

ராணி வெளிவந்து மூன்று வாரமாகியும் முட்டை தென்படாவிட்டால் காத்திருக்காதீர்கள். பயனற்ற ராணி இருந்தால் நீக்கிவிட்டு, வலுவான பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் இடையே ஊசியால் சில துளையிட்ட செய்தித்தாள் ஒன்று போதும், உங்கள் நாளிதழே ஆனாலும் சரி. ஓரிரு நாளில் கடித்து வழி உண்டாக்கிக்கொள்ளும்.

தேனீ வளர்ப்போர் சிலர்,
பண்ருட்டி