உமிக்கரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குறைக்கும் பேச்சு வந்தாலே மரக்கன்று, இல்லையென்றால் காற்றிலிருந்தே அந்த வாயுவை உறிஞ்சும் ஐஸ்லாந்து எந்திரம் என்பதோடு நின்றுவிடுகிறது. பர்மாவில் பெகு பக்கத்து அரிசி ஆலைகளில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். ஆலை முற்றத்தில் குவிந்துகிடக்கும் உமியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஆர்க்கா ஆலை, ஆண்டுக்கு 4,000 டன் வாயுவைப் பிடிக்கும் திறனோடு கட்டப்பட்டது. பிடித்ததை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினால் அங்கேயே கல்லாகிவிடும். இதைவிட உறுதியான வழி கிடையாது. ஆனால் காற்றின் பத்தாயிரம் பங்கில் நான்கு பங்குக்குச் சற்று மேல்தான் இந்த வாயு. அதைப் பிரித்தெடுக்க ஏராளமான வெப்பமும் மின்சாரமும் வேண்டும். பூமிக்கடியில் சூடு உள்ள நாட்டுக்குச் சரி. மின்சாரம் எப்போது வரும் என்று காத்துக்கிடக்கும் எங்களுக்கு?

நெற்பயிர் அதே வேலையை வெயிலைக் கொண்டு செய்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதைக் கொளுத்தினால் பயிர் இழுத்த வாயு அப்படியே திரும்பிவிடும். காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கினால் கரிமத்தில் ஏறக்குறைய பாதி தங்கும். மண்ணில் இட்டால் அதில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மக்காது. ஒரு டன் உமிக்கு அரை டன் வாயு என்று குறைத்தே வைக்கிறேன். அப்படிப் பார்த்தாலும் ஆர்க்காவின் 4,000 டன்னுக்கு 8,000 டன் உமி போதும்; சுமார் 40,000 டன் நெல்லில் அது கிடைத்துவிடும்.

என் ஆற்றாமை இதுதான்: உமியைக் குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவால் ஓட்டும் ‘உமி கேஸ்’ எஞ்சின் உள்ள ஆலைகளில் இந்தக் கரி இப்போதே விழுகிறது. அந்த வாயுவைக் கழுவிய, தார் கலந்த நீரோடு அதை வாய்க்காலில் விடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தண்ணீரும் கெட்டு, கரியும் வீண். தார்நீர் படாமல் கரியைத் தனியே எடுத்து வயலுக்கு அனுப்ப ஆலைக்காரர்கள் மனம் வைக்க வேண்டும். வெறும் குவியலைப் புகையவிட்டுச் சுடுவதும் கூடாது. அந்தப் புகையில், கரியமில வாயுவைவிடப் பலமாகச் சூடேற்றும் மீத்தேன் உண்டு.

அலையாத்திக் காடுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2008 நர்கிஸ் புயலைக் கண்ட ஐராவதி டெல்டாவில் அவை கரை காக்கவே வேண்டும். ஆனால் மரத்திலுள்ள கரிமம் மரம் நிற்கும்வரைதான். பாறைத்தூளை வயலில் தூவும் முறையும் நல்லதே. எவ்வளவு வாயு பிடித்தது என்று அளப்பதுதான் கடினம்.

இவ்வழிகளை இனி ஒப்பிட்டு எழுதும்போது எத்தனை டன் என்பதோடு, எத்தனை ஆண்டு தங்கும், எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரிசி ஆலை முன்னாள் மேற்பார்வையாளர்,
பெகு, மியான்மர்.