ரோஜர் கிட்டார்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெர்லின் கடையில் நீ பார்த்தது லேசுப்பட்ட கிட்டார் இல்லை. தலையில் 'ரோஜர்' என்று இருக்கிறதே, அது அதைச் செய்தவரின் மகன் பெயர். செய்தவர் வென்ஸெல் ரோஸ்மைஸ்ல். ஜாஸ் வாசிக்கவும் தெரிந்தவர்.

மேல்பலகையின் ஓரத்தைத் தடவிப் பார். தட்டையாக ஒரு பட்டை, அதை ஒட்டிச் சுற்றிலும் ஒரு பள்ளம், அதற்கப்புறம்தான் பலகை மேடாக எழும்பும். இதைத்தான் 'ஜெர்மன் கார்வ்' என்கிறார்கள். கெட்டியான ஸ்ப்ரூஸ் மரப் பலகையை இரண்டு பக்கமும் செதுக்கிச் செதுக்கி மெல்லிசாக்கி இந்த வளைவைக் கொண்டுவர வேண்டும். ஆம்ப்ளிஃபையர் பரவாத காலத்தில், டிரம்பெட், சாக்ஸபோன் சத்தத்துக்கு நடுவே கிட்டாரின் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) கேட்க வேண்டுமே, அதற்காகத்தான் இந்த மாதிரிக் கிட்டார்களே வந்தன.

ரோஜரும் அதே தொழிலுக்கு வந்து, 1953இல் அமெரிக்கா போய்விட்டார். முதலில் கிப்ஸன் கிட்டார் கம்பெனி, கொஞ்ச நாளில் கலிஃபோர்னியாவில் ரிக்கன்பேக்கர் கம்பெனி. 1957இல் வந்த ரிக்கன்பேக்கர் 4000 பேஸ் கிட்டார் அவர் வடிவமைத்தது. 1962இல் ஃபெண்டர் கம்பெனிக்குப் போனார். அங்கே செய்த கிட்டார்கள் சிலவற்றிலும் அதே பள்ளம் உண்டு. எவ்வளவு தூரம் போனாலும் அப்பாவின் கை அந்தப் பிள்ளையின் கையில் இருந்திருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, கடைக்குப் போனால் அவசரப்படாதே. நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார். அந்தக் காலத்து நெக்குகள் பலவற்றில் உள்ளே இரும்புக் கம்பி கிடையாது, வளைந்திருந்தால் சரிசெய்யச் செலவு அதிகம். மேல்பலகையில் f வடிவில் இருக்கும் எஃப் துளை வழியாகச் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து உள்கட்டைகள் ஒட்டு விட்டிருக்கின்றனவா பார். ஓரத்து செல்லுலாய்டு பட்டை பொடிகிறதா என்றும் பார். 12ஆவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்குக் கம்பி) சுருதி விலகினால் பயப்படாதே, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டாமல் சும்மா நிற்பதுதான், நகர்த்தினால் சரியாகும். பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்றால் மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடு.

கீறல்கள் இருந்தால் இருக்கட்டும். எல்லாம் சரியாக இருந்தால் வாங்கிவிடு, குறைகிற பணத்தை நான் அனுப்புகிறேன். வாங்கி அலமாரியில் வைக்காதே, தினமும் வாசி. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா