தம்பிக்கு: சாவி என்னிடம்தான் இருக்கிறது

தம்பிக்கு,

என் மகனுக்கென்று நீ வாங்கி அனுப்பிய ஏடிவி, அந்த நாலு சக்கர மணல் வண்டி, மதுரையிலிருந்து லாரியில் பெட்டியாக வந்து இறங்கி இன்றோடு ஒரு வருடம். அவனை ஓட்ட விடுவாயா என்று நீ போனில் கேட்ட ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்றே சொல்லி வந்தேன். பார்த்துவிட்டேன். அவன் இப்போது ஓட்டப் போவதில்லை. பத்து வயது நிறையட்டும், மறுபடியும் உட்கார்ந்து யோசிப்போம். யோசிப்போம் என்றுதான் சொல்கிறேன், தருவேன் என்று சொல்லவில்லை.

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் எழுதுவதை நம் சொந்தத்தில் யார் யார் படிக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும். அம்மாவுக்கும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். ஆகையால் அந்தப் பொங்கல் விடுமுறையில் நடந்ததில் பாதியை விட்டுவிடுகிறேன். எந்தக் கடற்கரை, வாடகைக்கு எடுத்த ஏடிவி யாருடையது, உன்னோடு நின்று கைதட்டியவர்கள் யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினாய். அது ஒருவர் மட்டும் ஓட்டுவதற்காகச் செய்த வண்டி. வளைவில் ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்து எடையை மாற்றிக் கொடுத்தால்தான் அது கவிழாது. முன்னால் ஒரு பிள்ளை இருந்தால் எப்படிச் சாய்வது? அதைத் தெரியாமல் செய்தாய் என்று நம்புகிறேன். ஆனால் இறங்கியதும் "மாமா உனக்கே ஒன்று வாங்கித் தருகிறேன்" என்று அவனிடம் சொன்னாயே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல். அதைத் தெரிந்துதான் செய்தாய்.

நான் பயந்தாங்கொள்ளி என்று நீ நம் மாமாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பயந்தவள் பெட்டியைப் பிரித்திருக்க மாட்டாள். நான் பிரித்தேன். மட்கார்டில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை முழுவதும் படித்தேன். 110 சிசி, பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஆறு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கென்று தனி வகை வைத்திருக்கிறார்கள். அது மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதே நாட்டின் குழந்தை மருத்துவர்கள் அமைப்போ 16 வயதுக்கு உட்பட்ட யாரும் ஏடிவியில் ஏறவே வேண்டாம் என்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பல இரவுகள் புரண்டேன். மருத்துவர்கள் சொல்வதை மட்டும் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிவு எடுத்திருப்பேன். அவன் முகத்தைப் பார்த்தேன், எடுக்க முடியவில்லை.

அதனால் கொட்டகையில், என்ஜினைப் போடாமல், அவனை ஏற்றி உட்கார வைத்தேன். கால் வைக்கும் இடத்தில் நிமிர்ந்து நின்றான். இருக்கைக்கும் அவனுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. உட்கார்ந்தபோது முழங்கால் மடங்கியது. விரல்கள் பிரேக்கைச் சுற்றிப் பிடித்தன. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினான். அளவு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "நிறுத்து" என்று சொன்னால் பிரேக்கைப் பிடித்தான், இருபது முறை சொன்னாலும் இருபது முறையும். எனக்கே ஆசை வந்துவிட்டது. அப்போது பக்கத்து வீட்டு ஆடு கூரையில் சாத்தியிருந்த மூங்கிலைத் தட்டிவிட்டது. பெரிய சத்தம். அவன் உடம்பு விறைத்தது. கை இறுகியது. அந்த வண்டிக்கு ஆக்சிலேட்டர் கட்டைவிரலில் இருக்கிறது. கட்டைவிரல் அதைக் கடைசி வரை அழுத்திக்கொண்டு நின்றது. நான் "விடு, விடு" என்கிறேன், அவனுக்குக் கேட்கவே இல்லை.

உனக்கு இப்போது புரிந்திருக்கும், நான் எதைப் பார்த்தேன் என்று.

1997. சீமைக்கருவேலங்காட்டைத் தாண்டி மீன்பிடி வல்லங்களை ஏற்றி வைத்திருக்கும் அந்த மணல். அப்பா மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகும் டிவிஎஸ் 50. உனக்கு எட்டு வயது, எனக்குப் பதினான்கு. நீ கேட்கவில்லை, தம்பி. இத்தனை நாள் நீ கேட்டாய் என்றே எனக்குள் சொல்லி வந்தேன். நான்தான் உன்னை ஏற்றினேன். பெட்ரோல் குழாயைத் திறக்கவும் பெடலை மிதித்துக் கிளப்பவும் எனக்குத் தெரியும் என்பதை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். ஈர மணல் வந்ததும் வண்டி வேகம் எடுத்தது, கை நழுவியது. நழுவியது என்று எழுதுகிறேனே, விட்டேன். நீ ஓட்டுவாய் என்று நினைத்து விட்டேன். நீ பயந்து பின்னால் சாய்ந்தாய். சாய்ந்தால் மணிக்கட்டு தானாகத் திரும்பும், திரும்பினால் வண்டி இன்னும் பாயும். உன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சட்டையின் கிழிசல்கூட இன்று வரை நினைவிருக்கிறது. பிறகு வல்லத்தின் அணியத்தில், அந்த முன்முனையில், உன் தாடை.

கடல் தண்ணீரில் உன் முகத்தைக் கழுவினேன். நீ கத்தினாய், நான் வாயைப் பொத்தினேன். வல்லத்தில் ஏறி விளையாடும்போது வழுக்கி விழுந்ததாகச் சொல் என்றேன். சொன்னாய். தையல் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு, வல்லத்தில் ஏறியதற்காக அம்மா உன்னை அடித்தாள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, காட்டிக் கொடுத்துவிடுவோமோ என்று.

அம்மா, இது உங்களுக்கு வாசிக்கப்பட்டால், அடி எனக்குச் சேர வேண்டியது.

என்னை மன்னித்துவிடு. எனக்கும் பதினான்கு வயதுதான், ஒரு வண்டியை நம்பி ஒரு பிள்ளையை விடக் கூடாது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகத்தான் சொல்கிறேன் போலும். ஆனால் உனக்கு இப்போது முப்பத்தாறு வயது. உனக்கு என்ன சாக்கு இருக்கிறது?

"அவன் தைரியசாலி, அக்கா" என்கிறாய். அப்பா உன்னை எத்தனை வயதில் வல்லத்தில் ஏற்றினார்? பதினொன்றில். அதற்கு முன்னால் இரண்டு வருடம் கரையிலேயே வலைச் சிக்கு எடுக்க வைத்தார், தண்ணீர் இறைக்க வைத்தார். ஏற்றிய வருடமும் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் உன்னைக் கரையிலேயே விட்டுப் போனார். நீச்சல் உனக்கு ஆறு வயதிலேயே தெரியும். அதை அவர் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அலை தூக்கியபோது நீ கத்தாமல் பலகையைப் பிடித்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் மறுநாளும் கூப்பிட்டார். என் மகனிடம் நான் எதிர்பார்ப்பதும் அது ஒன்றுதான்.

கடற்கரை காலியாகத்தானே கிடக்கிறது என்றும் சொன்னாய். நீ கடைசியாக விடியற்காலையில் இந்தக் கரையில் நடந்தது எப்போது? கரைவலை இழுக்கும்போது மணலுக்கு மேலே இடுப்பு உயரத்தில் கயிறு விறைத்து நிற்கிறது. நங்கூரங்கள் பாதி புதைந்து கிடக்கின்றன. கருவாடு காயப்போட்ட பெண்கள் குனிந்த தலையை நிமிர்த்தாமல் புரட்டுகிறார்கள். கரைச் சரிவில் அந்த வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால், சைக்கிள் பழகிய பிள்ளை முதலில் காலைக் கீழே ஊன்றுவான். அந்தக் காலின் மேல்தான் பின்சக்கரம் ஏறும். ரோட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 2019-இல் திருத்திய சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை.

அவன் விழுந்தால் ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வரை மடியில் போட்டுக்கொண்டு போகப் போவது நான். நீ அங்கிருந்து எவ்வளவு தேவை என்று கேட்பாய், கேட்ட அன்றே அனுப்புவாய். அதில் நான் உன்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வந்த பணத்தை எண்ணும்போது உனக்காக அழுதிருக்கிறேன். ஆனால் பணம் அனுப்புகிறவர் எல்லாம் பாசக்கார மாமா, வேண்டாம் என்று மறுப்பவள் கல்நெஞ்சுக்காரி என்று என் மகன் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். நீ எனக்குச் செய்துவைத்தது இதுதான்.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் கொட்டகைக்குப் போய் வண்டியைத் துடைக்கிறான். உன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறான். சாவி என்னிடம் இருக்கிறது, எங்கே என்று எழுத மாட்டேன். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, பூட்ஸ் எதுவும் இப்போது அனுப்பாதே, இரண்டு வருடத்தில் எல்லாம் சின்னதாகிவிடும்.

அவனிடம் காரணத்தைச் சொல்ல முயன்றேன். ஆடு, கட்டைவிரல் எல்லாம் சொன்னேன். "மாமா என் வயதில் டிவிஎஸ் 50 ஓட்டியிருக்கிறாராம்" என்றான். அதை நீதான் சொல்லியிருக்கிறாய், முடிவை மட்டும் சொல்லாமல். இன்னும் எனக்காகத்தான் மறைக்கிறாய் என்று தெரிந்ததும் அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறைத்தது போதும். அடுத்த விடுமுறைக்கு வரும்போது தாடியை மழித்துவிட்டு வா. அவன் உன் தாடையைப் பார்க்கட்டும். நான் பக்கத்தில் இருக்கிறேன், மீதியை நானே சொல்கிறேன்.

உன் அக்கா